நகலில் வரைந்த மீசை

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது, வயிறு நோகிற சிரிப்பு, பக்கத்தில் இருப்பவன் தொடையில் அறைந்து அறைந்து சிரிக்கிற சிரிப்பு, ஆனால் இப்போதே கிடையாது. வாசலில் வரவேற்புத் தட்டிலிருந்து எடுத்த கல்கண்டைப் போல எடிசன் அதை இடது கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்தான், கடித்தால் நொடியில் போய்விடும், கடிக்காமல் வைத்தால் வரவேற்புரை முடியும்வரை இனிக்கும். பக்கத்து நாற்காலியில் இசக்கிராஜ் நெளிந்தான். "ஏல, எப்பம்ல வரும்?" "வரும்ல, பொறு." "ஒண்ணும் வரலன்னா?" "ஒண்ணும் வராது. அதாம்ல தமாசே," என்றான் எடிசன், கல்லூரிப் பேருந்து ஓட்டுநரின் கட்டைக் குரலில், அந்தக் குரலுக்கென்று கழுத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு. முன்வரிசையில் உண்மையான ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். எடிசன் தலைக்குமேல் சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தான். பாலிடெக்னிக்கின் பெரிய கூடத்தில் கணினித் துறையின் ஆண்டு விழா, ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் மூன்று கையை வீசி வீசி யாரையோ கூப்பிடுகின்றன, மேடையில் வெல்வெட் போர்த்திய நாற்காலிகள், மேடைக்கு இடப்பக்கம் ஒரு பழைய மேசை, மேசைமேல் துறையின் மடிக்கணினி, அதற்குப் பின்னால் சுபிதா. சுபிதாவில் தெரிவது நெற்றியும் மூக்குக் கண்ணாடியும் மட்டும். அவளுக்குப் பின்னால் திரை, முழுக்கக் கறுப்பு, கறுப்பில் இமைக்கிற ஒரு வெள்ளைக் கோடு. மேடையில் யாரை அழைக்கிறார்களோ அவர் பெயர் அந்தக் கறுப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழும்பும், நட்சத்திரக் குறிகளால். விசைப்பலகையில் எட்டின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்குமே, அதுதான் செங்கல். மேல் வரிசை முதலில், இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக, பிறகு அடுத்த வரிசை, நிதானமாக, ஆளுயரத்துக்கு. மற்றத் துறைக்காரர்கள் பூப்படம் போட்டுப் பெயர் காட்டுவார்கள். சுபிதா சி என்கிற கணினி மொழியில் காட்டுகிறாள். மூன்று வருடம் படித்ததை வேறு எதில் காட்டுவது?

அவளுடைய நிரலில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்குள் அவர் பெயர், பதவி. மெயின் என்கிற பெரிய வீட்டில் எல்லாப் பெட்டிகளும் வரிசையாக இருக்கும். பெயரைத் திரையின் நடுவில் நிறுத்த இடது பக்கம் எவ்வளவு இடம் விடவேண்டும் என்று எண்ணிச் சொல்ல ஒரு சின்ன ஃபங்ஷன், அந்த ஒரு வேலைக்கென்று ஒரு துண்டு நிரல், வேண்டும், அதை மட்டும் எடிசனிடம் கொடுத்திருந்தாள், பாவம் பையன் சும்மா இருக்கிறானே என்று. அவன் அதற்கு 'நடு' என்று பெயர் வைத்து ஒழுங்காகத்தான் எழுதினான். பெட்டி உள்ளே வரும், நடு எழுத்துகளை எண்ணும், விடைசொல்லிவிட்டுப் போய்விடும். போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யும், அதுதான் கல்கண்டு. பெட்டியில் ஞானதிரவியம் என்று பெயர் இருந்தால், அதாவது துறைத்தலைவர் ஞானதிரவியம் சார் என்றால், அந்தப் பெயரின் மேலேயே ஒவ்வொரு எழுத்தாக செமிகோலன் என்று எழுதிவைக்கும். வாக்கியம் முடிகிற இடத்திலெல்லாம் சார் ஒரு சின்னச் செருமல் செருமுவார், ஹ்க்கும், சி மொழியில் வரி முடிந்தால் செமிகோலன் வைப்பதுபோல, வைக்காவிட்டால் அடுத்த வரி ஓடாது என்பதுபோல. அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் எடிசன். முதல்வருக்கு ஒன்று, நூலகருக்கு ஒன்று, அலுவலகத்து அக்காவுக்கு ஒன்று, எல்லாம் அவன் வைத்தவை, எல்லாம் நடுவுக்குள் இருந்தன. ஆனால் ஒன்றுமே திரையில் வராது! மெயின் நடுவுக்கு அனுப்புவது அசல் பெட்டியை இல்லை, நகலை. நகலில் செமிகோலன் என்று எழுதினால் நகலோடு போயிற்று. சார் மாலையோடு எழுந்து நின்று திரையில் தன் பெயரைப் பெருமையாகப் பார்க்கும்போது, கண் இமைக்கிற நேரத்துக்கும் குறைந்த ஒரு நேரத்தில், இயந்திரத்தின் வயிற்றுக்குள் அவர் செமிகோலனாகப் பிறந்து செமிகோலனாகவே இறந்திருப்பார், யாருக்கும் தெரியாது, அவனுக்கும் இசக்கிக்கும் தவிர. தடயம் இல்லாத குறும்பு. குறும்புகளிலேயே இதுதான் உயர்ந்த ஜாதிக் குறும்பு என்று எடிசனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது, அல்லது அது வாசலில் தெளித்த பன்னீர் சட்டைக் காலருக்குள் இறங்கியது.

இதை அவனுக்குப் புரியவைத்ததே சுபிதாதான். முதல் வருடம் ஒருநாள் ஆய்வகத்தில் கரண்ட் போய் எல்லோரும் இருட்டில் உட்கார்ந்திருந்தபோது, அணைந்த திரைக்கு முன்னால் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு சொன்னாள். "இங்க பாருங்க. ஃபங்ஷன் வந்து கேட்டா ஒரிஜினலத் தூக்கிக் குடுக்காதீங்க. காலேஜ் கேட்டுப் பக்கத்துக் கடையில ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க. அது அதுல மீசை வரையட்டும், கிழிக்கட்டும், நமக்கென்ன? ஒரிஜினல் வீட்டுல பத்திரமா இருக்கு. அது கால் பை வேல்யூ. இல்ல, வீட்டுக்கே வந்து மாத்திட்டுப் போன்னு சொல்லணும்னா அட்ரஸக் குடுங்க. அதுதான் பாயின்டர், அம்புட்டுதான்." ஜெராக்ஸ் என்று அவள் சொன்னதும் பெண்கள் வரிசை முழுக்கத் திரும்பி எடிசனைப் பார்த்துச் சிரித்தது. அவன் உடனே ஜெராக்ஸ் மெஷின் ஆனான், வ்வ்ர்ரூம் என்று உறுமி, மூடிய கண்களுக்குமேல் கையை வெளிச்சம்போல நகர்த்தி, ட்ரக் என்று நாக்கைக் காகிதம்போல வெளியே தள்ளினான். இன்னும் சிரித்தார்கள். அன்றைக்கு அவனுக்கு நல்ல நாள். அதிலிருந்து அவனுக்கு அந்த மொழிமேல் ஒரு மரியாதை. எவ்வளவு நியாயமான இடம்! ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் தனி அறை, தனி சிலேட்டு, அறைக்குள் ராஜாவைக்கூடத் திட்டி எழுதலாம், வெளியே வரும்போது சிலேட்டு அழிந்துவிடும், காவலுக்கு ஆள் வரமாட்டான். அவன் வாழ்க்கையில் அப்படி இல்லை. அவன் எடுக்கிற நகல் ஒவ்வொன்றும் போய் அசலைக் குத்துகிறது. சார் குரலில் வகுப்பெடுத்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது சார் கதவில் நிற்பார். பெரியப்பா குரலில் பெரியப்பாவுக்கே போன் செய்தால் பெரியப்பா அழுகிறார், செத்துப்போன தன் தம்பி பேசுவதுபோல இருக்கிறதாம், அவன் எடுத்தது பெரியப்பாவின் குரலைத்தான், அது எப்படி எடிசனின் அப்பா குரலாயிற்று, அதை அவன் இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை. கடைசியாக சார் சொன்னது பிப்ரவரியில். "எடிசன், ஹ்க்கும். இது மூணாவது தடவை, ஹ்க்கும். அடுத்த தடவை அம்மாவைக் கூட்டிட்டு வந்து டி.சி.யை வாங்கிட்டுப் போயிரு, ஹ்க்கும்." அப்போதும் அவனுக்கு அந்த மூன்று செருமலும் மூன்று சுருதியில் இருந்ததுதான் பிடித்திருந்தது, மூன்றாவது கொஞ்சம் மூக்கில்.

வரவேற்புரை நீண்டது. பேசுபவர் யாரோ கணிதத் துறை, அவருக்கு 'ற' வராது, எடிசனின் நாக்கு தானாக அந்த 'ற' இல்லாத ஊருக்குப் போய்த் திரும்பியது. பெட்டி, நகல், பெட்டி. கல்கண்டு பாதி கரைந்திருந்தது. சுபிதா கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மைக் வயரை இழுத்துக்கொண்டு அவன் வரிசையைத் தாண்டிப் போனாளே, அப்போது குனிந்து ஏதோ சொன்னாளே. "எடிசா, பேரையெல்லாம் இப்பம் பாயின்டர் ஆக்கிட்டேன், என்ன? ஞானதிரவியம் சார் பேரு பெட்டிக்குள்ள அடங்கல." அதற்கு அவன் நடத்துநர் குரலில் சொன்னான், "உள்ள போ உள்ள போ, படியில நிக்காத." அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நல்ல பதில்தான். பெட்டிக்குள் அடங்கவில்லை, உள்ளே போ, பொருத்தமாக இருந்தது, சட்டென்று வந்தது, சட்டென்று வருகிற பதிலுக்குத் தனி ருசி. பேரையெல்லாம் பாயின்டர் ஆக்கிவிட்டாள். சரி. ஆக்கட்டும். பெரிய பெயர், ஆங்கிலத்தில் பதின்மூன்று எழுத்து, பெட்டியில் ஒதுக்கிய இடம் போதவில்லை, அதனால் பெயரைப் பெட்டிக்கு வெளியே எங்கோ இடம் கிடைத்த இடத்தில் வைத்துவிட்டு, பெட்டிக்குள் அந்த இடத்தின் முகவரியை மட்டும் வைத்திருக்கிறாள். கெட்டிக்காரி. யாருக்கு எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும் முகவரி ஒரே அளவுதான், நூலகருக்கும் முதல்வருக்கும் ஒரே அளவு, சின்ன வீட்டுக்கும் பெரிய வீட்டுக்கும் கதவு எண் ஒரே தகரத்தில்தானே எழுதுகிறார்கள். பெட்டிக்குள் பெயர் இல்லை, முகவரி. சரி. நடுவுக்குப் போவது பெட்டியின் நகல். நகல் பெட்டிக்குள் இருப்பது என்ன? முகவரியின் நகல். முகவரியின் நகல். வ்வ்ர்ரூம். ட்ரக். முகவரியை ஜெராக்ஸ் எடுத்தால் வருவது அதே முகவரிதானே.

கல்கண்டு பல்லுக்கிடையில் நொறுங்கியது. ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுத்தால் அட்டை இரண்டாகும், அதில் எழுதியிருக்கிற வீடு இரண்டாகாது. நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் கிளம்பினால் அசல் வீட்டு வாசலில்தான் போய் நிற்பான். நடு இப்போது நகலைக் கையில் வைத்துக்கொண்டு நேராகப் போய், சாருடைய அசல் பெயர் இருக்கிற இடத்தில் நின்று, ஒவ்வொரு எழுத்தாக, பொறுமையாக, அவன் எழுதிக்கொடுத்தபடியே. இல்லை இல்லை. அவன் எப்படி எழுதினான்? நகலில் இருக்கிற முகவரியையே வேறு முகவரியாக மாற்றும்படி எழுதியிருந்தால் தப்பித்தான், வீட்டைத் தொடாமல் நகலில் கதவு எண்ணை மட்டும் திருத்தினால் வீட்டுக்கு ஒன்றும் இல்லை. அப்படியா எழுதினான்? அப்போது பெயர் பெட்டிக்குள்தானே இருந்தது, அப்படி எழுதியிருந்தால் நிரலைச் சரிபார்த்து உள்ளே விடுகிற கம்பைலர் விட்டிருக்காது, அதன் குரல் அவனுக்குத் தெரியும், ரேஷன் கடை எடை போடுகிறவரின் குரல், இதுல கையெழுத்து இல்ல, போயிட்டு நாளைக்கு வா. விட்டது. ஆகவே எழுத்தெழுத்தாகத்தான் எழுதினான். எழுத்தெழுத்தாக என்றால் போகிற இடத்தில் இருப்பதை அழித்துக்கொண்டே போகும். ஞானதிரவியம் போய்விடும். மெயினுக்குத் திரும்பி வந்து பார்த்தால் அந்த வீட்டில் செமிகோலன் குடியிருக்கும். அப்புறம் நட்சத்திரங்கள் எழும்பும், ஆளுயரத்துக்கு. காதுக்குள் காற்றாலை சுற்றியது.

சார் என்ன செய்வார் என்பதுகூட இல்லை, அது டி.சி., அது அவனுக்கு, அது வரட்டும், அம்மா நாலு நாள் பேசாமல் இருப்பாள். மேடையில் நடுநாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மார்கரெட் மேடம், நாகர்கோவிலில் சின்னதாக ஒரு மென்பொருள் அலுவலகம் வைத்திருப்பவர், போன வாரம் இந்த நிரலைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சாரிடம் சொல்லியிருந்தார், விழாவில் ஓடட்டும், நானே பார்க்கிறேன், தடங்கல் இல்லாமல் ஓடினால் எழுதின பிள்ளையை மே மாதமே எடுத்துக்கொள்கிறேன் என்று. சுபிதா வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆய்வகத்தைப் பூட்டிய பிறகு அவள் நிரலைக் கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவாள், எழுதி, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடி, தலைக்குள்ளேயே அதை ஓட்டிப் பார்ப்பாள். ஒரு தடவை எடிசன் பக்கத்தில் நின்று "டிக்கெட் டிக்கெட்" என்றபோது கண் திறக்காமல், "இரி, லூப்புக்குள்ள இருக்கேன்" என்றாள். இப்படியும் ஒரு ஆள் உண்டா! மே மாதத்தோடு படிப்பு முடிகிறது, ஆய்வகம் முடிகிறது. அந்த வேலை கிடைத்தால் காலையிலிருந்து சாயங்காலம்வரை அவளுக்கென்று ஒரு சிஸ்டம். கிடைக்காவிட்டால் பத்திரிகைகளின் பின்பக்கம்தான், அதுவும் முகூர்த்தம் இருக்கிற மாதங்களில். திரையில் செமிகோலன் என்று வந்தால் மார்கரெட் மேடம் எடிசனை எங்கே பார்க்கப்போகிறார்? மேசைக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறாளோ அவளைத்தான் பார்ப்பார். நடுவை எவன் எழுதினான் என்று யார் கேட்கப்போகிறார்கள்?

எழுந்து போகலாம். எழுந்தால் சார் பார்ப்பார், சார் ஏற்கெனவே அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், மேடையிலிருந்து, அசையாமல், பிப்ரவரிப் பார்வை. செல்போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். குரல் இருக்கிறதே! அவனிடம் இல்லாத குரலா? பின்னாலிருந்து மைக்செட் அண்ணன் மாதிரி, "எம்மா, அந்த லேப்டாப்ப அமத்து, லைன்ல கோளாறு" என்று ஒரு சத்தம் கொடுத்தால் அவள் அணைத்துவிடுவாள். அணைத்தால் தடங்கல். தடங்கல் இல்லாமல் ஓடவேண்டும் என்றல்லவா மேடம் சொன்னார். முதல்வர் குரலில்? முதல்வர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். சார் குரலில், நிறுத்தும்மா, ஹ்க்கும். அவன் வாயைத் திறந்தான். கழுத்தை இழுத்தான், மூக்கைச் சுருக்கினான், எந்தக் குரலும் வந்து ஏறவில்லை, எல்லா வண்டியும் போய்விட்ட பேருந்து நிலையம் மாதிரி தொண்டை காலியாக இருந்தது. காலியான தொண்டையில் அவன் குரல் என்று ஒன்று கிடக்குமே, அதைத் தேடினான். "சுபி," என்றான். அது இசக்கிக்கே கேட்கவில்லை. "என்னல? மொகம் ஒரு மாதிரி இருக்கு," என்றான் இசக்கி. "வருதா?" "வருதுல." "நீ வராதுன்னுல்லா சொன்ன?" "மக்கா, கொஞ்ச நேரம் வாய மூடு." தன் குரலிலேயே சொன்னான்போல, இசக்கி பயந்து வாயை மூடினான்.

முதலில் மார்கரெட் மேடம் பெயர். கறுப்பில் முதல் நட்சத்திரம் விழுந்தது, அடுத்தது, அடுத்தது, கூடம் ஓ என்றது, மேல் வரிசை முடிந்து இரண்டாவது வரிசை, பெயர் தலையிலிருந்து கால்வரை இறங்கி வந்து நின்றது, சரியாக, நடுவில், அவன் எண்ணிச்சொன்ன இடம் விட்டு. கைதட்டல். எடிசன் தட்டவில்லை. மேடத்துக்குத்தான் பட்டப்பெயர் வைக்கவில்லையே, இன்றைக்குத்தானே முதல்முதலாகப் பார்க்கிறான், ஆகவே இதிலிருந்து ஒன்றும் தெரியாது. கூட்டமே மகிழ்கிறது, அவனுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அந்த நேரத்திலும் அவனால் வியக்காமல் இருக்க முடியவில்லை, எவ்வளவு அழகாக இறங்கியது, ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் போகும்போது எவ்வளவு சரியான ஒரு மூச்சு விட்டது, அந்த மூச்சையும் அவள்தான் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு அளந்திருப்பாள். தான் ஆயிரம் பேரின் மூச்சை அளந்தவன், அதனால் தெரியும். மேடம் திரையைப் பார்க்கவில்லை என்பதையும் அவன் கவனித்தான். மேசைக்குப் பின்னால் தெரிந்த நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்து நம் துறைத்தலைவர்," என்றது ஒலிபெருக்கி. சார் எழுந்தார், வெல்வெட்டை நீவிவிட்டார், திரைப்பக்கம் திரும்பினார். திரை அழிந்து கறுப்பானது. இப்போது நடு உள்ளே போயிருக்கும். இப்போது எண்ணியிருக்கும். இப்போது, இப்போது. முதல் நட்சத்திரம் ஓரத்திலிருந்து ஒரு கட்டம் தள்ளி விழுந்தது. ஜி என்றாலும் தலை வளைவு, ஓரத்தில் ஒரு இடம் விட்டுத்தான் தொடங்கும். எஸ் என்றாலும் தலை வளைவு, ஒரு இடம் விட்டுத்தான் தொடங்கும். ஞானதிரவியத்துக்கும் செமிகோலனுக்கும் ஆங்கிலத்தில் ஒரே தலை! அவன் அழுதுவிடுவான்போல இருந்தது, சிரித்துவிடுவான்போலவும் இருந்தது, இரண்டும் ஒரே கதவில் முட்டின. இரண்டாவது எழுத்து. செமிகோலனின் ஈ என்றால் வரிசை முழுக்க நட்சத்திரம், செங்கல் செங்கலாக, இடைவெளி இல்லாமல். ஞானதிரவியத்தின் என் என்றால் ஒரு தூண், நடுவில் வெறுமை, இன்னொரு தூண். ஒரு நட்சத்திரம் விழுந்தது. அடுத்த கட்டம். அடுத்த கட்டம் வெறுமை. வெறுமை. வெறுமை. நட்சத்திரம். என்! ஏசுவே, என்! எடிசன் நாற்காலியில் வழிந்தான். ஞானதிரவியம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை திரையை நிரப்பிக்கொண்டு, முழுப் பெயராக, ஒரு எழுத்து குறையாமல், இறங்கி நின்றது. இசக்கி காதில் கேட்டான், "இப்பம் உள்ளுக்குள்ள செமிகோலனால?" எதிர்பாராமல் இசக்கியின் தொடையில் எடிசன் ஓங்கி ஒரு அறை விட்டான். "ஆமால, ஆமா!" வந்தது அந்தச் சிரிப்பு, ஆனால் அது சேர்த்துவைத்த சிரிப்பு இல்லை, பஸ்ஸுக்கு முன்னால் விழப்போய்த் தப்பித்தவன் சிரிக்கிற சிரிப்பு.

ஏன் வரவில்லை? சிரித்து முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது, மெதுவாக, செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற விருந்தாளிபோல. பாயின்டர் ஆக்கிவிட்டேன் என்றாளே. ஆக்கியிருந்தால் செமிகோலன் வந்திருக்கவேண்டும். ஆக்கவில்லை என்றால் அந்தப் பெரிய பெயர் அடங்கியிருக்காது, அது இப்போது அடங்கி நிற்கிறது. யாரோ நடுவைத் திறந்து பார்த்திருக்கவேண்டும். மூன்று வருடமாக எல்லோருடைய நிரலையும் தன் கையால் பென்சிலில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பேன் என்கிற ஒருத்தி எடிசன் எழுதியதை மட்டும் பார்க்காமல் சேர்த்திருப்பாளா? அப்படி ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் இப்போது செமிகோலன் என்று பென்சிலில் எழுதியிருக்குமா? மேசையின் பக்கம் பார்த்தான். சுபிதா நிமிர்ந்திருந்தாள், முழு முகமும் தெரிந்தது, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். பெண்கள் வரிசையில் யாரோ யாரையோ முழங்கையால் இடித்தார்கள். பயம் போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது, கூச்சமா என்று அவனுக்குத் தெரியவில்லை, அதற்கு எந்தக் குரல் என்றும் தெரியவில்லை. தெரிந்தும் அவள் ஒன்றும் சொல்லவில்லையே. அழிக்கவும் இல்லையோ? பெட்டி நகல், முகவரி நகல், அவன் தலைக்குள் அதை மறுபடி ஓட்டிப் பார்த்தான், அவளைப்போலக் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு வீடாக. பெயரையும் தனியாக, புது இடத்தில், எழுத்தெழுத்தாக நகல் எடுத்து, அந்த நகலின் முகவரியை நடுவுக்கு அனுப்பியிருந்தால்? அப்போது அவன் மீசையை எவ்வளவு வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம். அவனுடைய குறும்பைக் கெடுக்காமல், அதற்கென்று ஒரு தனி அறை கட்டிக் கொடுத்து, சாரையும் காப்பாற்றி. ஆத்தாடி! எடிசனுக்குக் கை தானாகத் தட்டியது. யாரும் தட்டாத நேரத்தில் ஒற்றைக் கைதட்டல்.

"அவசரப்படாதப்பா, உனக்குத்தான் வரோம், ஹ்க்கும்," என்றார் சார் மைக்கில். கூடம் சிரித்தது. "காலையில நடந்த பலகுரல் போட்டியில், ஹ்க்கும். முதல் பரிசு யாருக்குன்னு நான் சொல்லப்போறதில்லை, ஹ்க்கும். பேரைத் திரையே சொல்லும்." மூன்று செருமல், மூன்று சுருதி, மூன்றாவது மூக்கில். இல்லை, மூன்றாவது தேவைக்கு அதிகமாகவே மூக்கில். அது சார் செருமுகிற மாதிரி இல்லை. சாரை எடிசன் செருமிக் காட்டுகிற மாதிரி இருந்தது! அவன் அதை நினைத்து முடிப்பதற்குள் இசக்கி அவன் விலாவில் குத்தினான், "எழும்புல, ஒம் பேருதான்." அவன் பெயர்தான், வேறு யாருக்கு, காலையில் ரயில் நிலைய அறிவிப்பிலிருந்து நூலகர் தும்முவதுவரை செய்து காட்டியிருந்தான். எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டான். எடிசன் என்பதற்கு முதல் எழுத்து ஈ, மேல் வரிசை முழுக்க நட்சத்திரம், இடைவெளி இல்லாமல். அவனுக்கு அவன் ஒரு பட்டப்பெயரும் வைத்துக்கொள்ளவில்லை; ஊருக்கெல்லாம் வைக்கிறவனுக்கு யார் வைக்கப்போகிறார்கள், மூன்று வருடத்தில் ஒருவரும் வைக்கவில்லை, அதில் அவனுக்கு ரகசியமாகக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. திரை கறுப்பானது. ஒரு நட்சத்திரம். அடுத்த கட்டம் வெறுமை. வெறுமை? வெறுமை, வெறுமை, நட்சத்திரம். இது ஈ இல்லையே. இரண்டு தலை, நடுவில் ஒன்றும் இல்லை. அடுத்தது முழு வரிசை, இதோ ஈ, ஆனால் இரண்டாவது இடத்தில். அடுத்தது ஒரு தோள். அடுத்தது ஒரு வளைவு. அடுத்தது மறுபடியும் இரண்டு தலை, நடுவில் ஒன்றும் இல்லை, முதலில் வந்ததே கடைசியிலும், முதல் எழுத்தை நகல் எடுத்து வைத்ததுபோல. பேச்சு மூச்சில்லாமல் இரண்டாவது வரிசை இறங்கியது, இரண்டு தலைகளும் உள்பக்கமாகச் சாய்ந்தன. மூன்றாவதில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. பெண்கள் வரிசை அங்கேயே வெடித்தது. முதல்வர் கைக்குட்டையை எடுத்தார். மார்கரெட் மேடம் தலையைப் பின்னால் சாய்த்து, சாரிடம் மேசையைக் காட்டி ஏதோ கேட்டார், சார் பெருமையாகத் தலையாட்டினார். எடிசன் இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான், வாய் திறந்தபடி, வழியில் நின்றபடி. அன்றைக்கு, கரண்ட் போன அன்றைக்கு, அவள் அந்தச் சொல்லைச் சொன்னதும் எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்களே, அவன் மெஷின் சத்தம் போட்டதற்கு. இல்லை. சத்தம் போட்டது பிறகு. சிரித்தது முதலில். சத்தத்துக்கு முன்னாலேயே சிரித்தார்கள். அப்படியென்றால் அப்போதிருந்தே, முதல் வருடத்திலிருந்தே, அவனுக்கும் ஒரு பெயர், அவனுக்குத் தெரியாமல், வாய்க்கு வாய். நடுவுக்குள் அவன் வைத்திருந்த பட்டப்பெயர்களோடு அவள் இதையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறாள், மற்ற எல்லோருக்கும் நகலைத்தான் நடுவுக்கு அனுப்பியிருக்கிறாள், இவனுக்கு மட்டும் அசலின் முகவரி, வீட்டுக்கே வந்து மாத்திட்டுப் போ என்று. அவன் எழுதிய ஃபங்ஷனே, அவன் எழுதிய வரியே, எழுத்தெழுத்தாக, அவன் பெயரின் மேலேயே நடந்து போயிருக்கிறது. கடைசி வரிசையின் கடைசி நட்சத்திரம் விழுந்து நின்றபோது மேசைக்குப் பின்னால் சுபிதா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், திரையில் ஆளுயரத்துக்கு, சரியான நடுவில், அவன் எண்ணிச்சொன்ன இடம் விட்டு, ஜெராக்ஸ் என்று இருந்தது.